விண்ணைக் கற்க விரும்பும் பிள்ளையும் வீட்டின் அச்சமும்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடைபெற்ற உயர்கல்விக் கருத்தரங்கொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



இலண்டனாயினும் ரொறன்ரோவாயினும் ஒஸ்லோவாயினும் மெல்பேணாயினும், பல்கலைக்கழக விண்ணப்பப் பருவம் வந்ததும் தமிழ் வீடுகளில் ஒரே பேச்சு எழுகின்றது. பிள்ளை மருத்துவம் படிக்குமா, பொறியியல் படிக்குமா, அவையிரண்டும் கைகூடாவிடில் கணக்கியலா, சட்டமா என்பதே அப்பேச்சு. அவ்வேளையில் ஒரு மகனோ மகளோ, "பௌதிகவியலும் வானியலும் படிக்க விரும்புகின்றேன்" என்று சொன்னால் வீடு சற்று நேரம் மௌனமாகி விடுகின்றது. பின்னர் தந்தை, "அதைப் படித்து என்ன வேலை செய்வது?" என்று கேட்கின்றார். இவ்வுரை அந்தக் கேள்வியைப் பழிப்பதற்காக அன்று, அதற்கு நேர்மையான விடை தேடுவதற்காகவே ஆற்றப்படுகின்றது.

அச்சம் எங்கிருந்து வந்தது?

தமிழ்ப் பெற்றோரின் இந்த அச்சத்தைப் பேராசை என்று இளையோர் சிலர் எண்ணுவதுண்டு. அது தவறு. அதற்கு வரலாறு உண்டு. இலங்கையில் 1971 ஆம் ஆண்டு பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தல் புகுத்தப்பட்டபோது, மருத்துவ பீடத்தில் இடம்பெற 400 புள்ளிகளில் தமிழ்மொழி மூல மாணவருக்கு 250 புள்ளிகள் தேவைப்பட்டன. சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதுமானதாயிருந்தது. ஒரே வினாத்தாள், ஒரே தேர்வு, இரு வேறு வாசல்கள். அந்த 21 புள்ளி இடைவெளியில் வாழ்க்கை மாறிப்போன தலைமுறையினர்தாம் இன்றைய பெற்றோரும் அவர்தம் மூத்தோரும்.

அதன் பின்னர் வந்த போரும் இடப்பெயர்வும் வேறொரு பாடத்தையும் புகட்டின. வீடு எரியலாம், காணி பறிபோகலாம், வங்கிப் புத்தகம் பயனற்றுப் போகலாம், ஆயின் கையில் உள்ள தொழில் எல்லை கடந்தும் சோறு போடும் என்பதே அப்பாடம். வைத்தியர் எந்த நாட்டிலும் வைத்தியர்தாம் என்னும் எண்ணம் அவ்வாறு வேரூன்றியது. இரவு வேலையும் பகல் வேலையும் மாறிமாறிச் செய்து, உணவகங்களிலும் எரிபொருள் நிலையங்களிலும் துப்புரவுப் பணிகளிலும் தம் இளமையைக் கழித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்கள், அப்பிள்ளைகள் பாதுகாப்பான கரையை அடையவேண்டும் என்று விரும்புவது இயல்பே. ஆகவே இளையோர் முதலில் அந்த அச்சத்தை மதிக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெற்றோரும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மூடிய வாசலின் முன்னால் பிறந்த அச்சம், திறந்த வாசலின் முன்னாலும் பிள்ளையைத் தடுத்து நிறுத்துமாயின், அன்று இழைக்கப்பட்ட அநீதி இன்னொரு தலைமுறையையும் தொடர்கின்றது என்றே பொருள்படும்.

இக்கேள்வி புதியதன்று

பிள்ளையின் விருப்பத்திற்கும் குடும்பத்தின் பாதுகாப்பிற்கும் இடையிலான இவ்விழுபறி, நூறாண்டுகளுக்கு முன்னர் தமிழகக் குடும்பமொன்றிலும் நிகழ்ந்தது. அக்குடும்பம் இரு நோபல் பரிசாளரைத் தந்த குடும்பம்.

முதலாமவர் சர் சி. வி. இராமன். சென்னை மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் கற்றுத் தேறியபோதும், அக்கால இந்தியாவில் விஞ்ஞானிக்கு வேலை அரிதாயிருந்தது. எனவே 1907 இல் நிதித்துறைத் தேர்வெழுதி, கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரியானார். பகலில் அலுவலகம், காலையிலும் மாலையிலும் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுகூடம் என ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழிந்தன. 1917 இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தபோது, அதன் ஊதியம் அரசுப்பணியின் ஊதியத்திலும் குறைவு என்பதை அறிந்தும் அதனை ஏற்றார். 1928 பெப்ரவரி 28 ஆம் நாள் அவர் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவு, 1930 இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது.

இரண்டாமவர் இராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1910 இல் இலாகூரில் பிறந்தவர். அவருடைய தந்தையார் சுப்பிரமணிய ஐயர் இரயில்வேக் கணக்குத்துறையில் உயர் அதிகாரி. மகன் இந்தியக் குடியியற் சேவைத் தேர்வெழுதி ஆட்சிப் பணியில் அமரவேண்டும் என்பது தந்தையின் விருப்பம். அன்றைய இந்தியாவில் அதனிலும் உயர்ந்த பதவி இல்லை. மகனின் உள்ளமோ தூய கணிதத்தையும் விஞ்ஞானத்தையுமே நாடியது. தாயார் சீதாலட்சுமி, இப்செனின் நாடகமொன்றைத் தமிழாக்கம் செய்த கல்வியாளர். அவர் மகனின் பக்கம் நின்றார்.

சந்திரசேகர் மாநிலக் கல்லூரியில் பௌதிகவியல் சிறப்புப் பட்டம் பயின்றார். 1928 இல் செருமானிய அறிஞர் சொமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தபோது, பதினெட்டு வயதை எட்டியிராத அம்மாணவர் அவரைத் தேடிச் சென்று சந்தித்தார். தாம் கற்ற பழைய அணுக்கொள்கை ஐரோப்பாவில் ஏற்கெனவே மாறிவிட்டது என்பதை அவரிடமிருந்தே அறிந்துகொண்டார். மனம் தளராது புதிய கொள்கையைத் தாமே கற்று, மறுவருடமே இலண்டன் அரச கழகத்தின் இதழில் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். 1930 இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார்.

அந்தக் கடற்பயணத்தில் அவர் செய்த கணிப்பு உலகப் புகழ்பெற்றது. எரிபொருள் தீர்ந்த விண்மீன் தன் ஈர்ப்பினால் சுருங்கி வெண்குறுமீன் ஆகின்றது. அதனுள் நெருக்குண்ட இலத்திரன்களின் அழுத்தமே மேலும் சுருங்காது அதனைத் தாங்கி நிற்கின்றது. ஆனால் அவ்விலத்திரன்கள் ஒளிவேகத்தை நெருங்கும்போது சார்புக்கொள்கையையும் கணக்கில் எடுக்கவேண்டும். எடுத்தால், குறித்த ஓர் எல்லைக்கு மேற்பட்ட திணிவை அவ்வழுத்தத்தால் தாங்க இயலாது. அவ்வெல்லை சூரியனின் திணிவைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என இன்று அறியப்படுகின்றது. அதற்கு மேற்பட்டவை மேலும் ஒடுங்கி நியூத்திரன் விண்மீனாகவோ கருந்துளையாகவோ ஆகவேண்டும். இருபது வயது நிறையாத இளைஞர் கண்ட உண்மை இது.

அதற்கு அவர் கொடுத்த விலையையும் மறைக்கலாகாது. நோயுற்றிருந்த தாயைப் பிரிந்தே அவர் கப்பலேறினார். மகனைத் தடுக்காது வழியனுப்பிய அத்தாய் 1931 இல் காலமானார். மகன் அவரை மீண்டும் காணவில்லை. 1935 சனவரியில் அரச வானியற் கழகக் கூட்டத்தில், அக்காலத்தின் மாபெரும் வானியலாளரான எடிங்டன் அவருடைய முடிவை எள்ளி நகையாடினார். அவையினர் பெரியவரின் பக்கமே சாய்ந்தனர். சந்திரசேகர் தம் முடிவை மாற்றவுமில்லை, வசைபாடவுமில்லை. தம் ஆய்வை நூலாக எழுதி வைத்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். 1937 இல் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் இணைந்தார். அங்கும் அவருடைய நிறத்தைக் காரணங்காட்டி அவர் வளாகத்தில் விரிவுரையாற்றுவதை எதிர்த்தவர் இருந்தார். பல்கலைக்கழகத் தலைவர் இராபர்ட் ஹட்சின்ஸ் அவ்வெதிர்ப்பைத் தள்ளிவிட்டார். 1983 இல் சந்திரசேகருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1999 இல் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்-கதிர் ஆய்வுக்கலம் 'சந்திரா' என்று அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

இவ்வரலாற்றின் பயன் எல்லாப் பிள்ளைகளும் நோபல் பரிசு பெறுவர் என்று நம்புவதன்று. அத்தந்தை தீயவரல்லர், அவருடைய அச்சத்திற்குக் காரணமிருந்தது. ஆயினும் அவர் இறுதியில் வழிவிட்டார். எடிங்டனின் புகழ் ஒரு பிழையான கருத்தைச் சில காலம் தாங்கி நின்றது, என்றென்றும் தாங்கி நிற்க இயலவில்லை. சமன்பாடு எவருடைய குலத்தையும் நிறத்தையும் வதிவிட அனுமதியையும் கேட்பதில்லை. தேர்வு ஒன்றாயிருந்தும் வாசல் இரண்டாயிருந்த நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

ஈழத்தவர் நடந்த பாதை

இத்துறை ஈழத்தமிழருக்கும் புதியதன்று. 1918 இல் பிறந்த பேராசிரியர் சி. ஜே. எலியேசர், கேம்பிரிட்ஜில் பால் டிராக்கின் மாணவராக இலத்திரனின் இயக்கம் பற்றி ஆய்வு செய்தவர். இலங்கைப் பல்கலைக்கழகத்திலும், மலாயாப் பல்கலைக்கழகத்திலும், மெல்பேண் நகரின் லா திரோப் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியராக விளங்கி 2001 இல் மறைந்தார். பேராதனையில் பௌதிகவியல் கற்ற பேராசிரியர் சிவலிங்கம் சிவானந்தன், அமெரிக்கா சென்று சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். அகச்சிவப்புக் கதிர்களை உணரும் இரசம்-கட்மியம்-தெலூரியம் என்னும் குறைகடத்தியை வளர்க்கும் நுட்பத்தில் பெயர்பெற்ற அவரை 2013 இல் அமெரிக்க வெள்ளை மாளிகை சிறப்பித்தது. இருளில் காண உதவும் கருவிகளுக்குப் பயன்படும் அதே வகைப் பொருளே, 2021 டிசெம்பர் 25 இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின் கண்களிலும் இடம்பெற்றுள்ளது. ஆய்வுகூடத்தின் ஒரு மூலையில் வளர்க்கப்படும் பளிங்கு, தொழிற்சாலைக்கும் பயன்படுகின்றது, அண்டத்தின் விளிம்பையும் காட்டுகின்றது.

வானியல் வேறு, சோதிடம் வேறு

வானியல் என்றதும் சாதகக் குறிப்பை நினைப்போர் இன்றும் உளர். இவ்விடத்தில் ஒரு வரலாற்றுச் செய்தி பொருத்தமானது. பாண்டிச்சேரியில் வாழ்ந்த ஜோன் வாரன் என்பவர், தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரிடம் 1825 மே 31, யூன் 1 இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணிக்குமாறு கேட்டார். அக்கணிதர் சோழிகளை நிலத்தில் பரப்பி, நினைவில் வைத்திருந்த வாக்கியங்களைக் கொண்டே கணித்து முடித்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடம், நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம் மட்டுமே பிழை. எழுதுகோலும் அட்டவணையும் இன்றி இவ்வளவு நெருங்கிய கணிப்பைச் செய்த மரபு தமிழரிடம் இருந்தது என்பது பெருமைக்குரியது.

ஆனால் அதே வாரன் இன்னொன்றையும் பதிவு செய்தார். அக்கணிதருக்குத் தாம் பின்பற்றிய விதிகளின் அடிப்படைக் கொள்கை எதுவும் தெரியாது. வழிமுறை கைவந்திருந்தது, காரணம் கைவரவில்லை. எனவேதான் பிழை நேர்ந்தபோது அது எங்கிருந்து வந்தது என்பதை அவரால் கண்டறிந்திருக்க முடியாது. வாக்கிய பஞ்சாங்கமும் திருக்கணித பஞ்சாங்கமும் சில வேளைகளில் பண்டிகை நாளிலேயே வேறுபடுவதைத் தமிழ்க் குடும்பங்கள் அறியும். பழைய வாக்கியத்தை அப்படியே ஒப்புவிப்பதற்கும், வானத்தை நோக்கிக் கணக்கைத் திருத்துவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு அது.

இது பெற்றோரும் தனியார் வகுப்பு ஆசிரியர்களும் கருத்தூன்ற வேண்டிய செய்தி. கடந்தகால வினாத்தாள்களை நூற்றுக்கணக்கில் செய்து உயர்புள்ளி பெறும் பிள்ளை, சோழிக் கணிதரின் நிலையில் இருக்கக்கூடும். பல்கலைக்கழகப் பௌதிகவியல் முதல் ஆண்டிலேயே "ஏன்?" என்று கேட்கத் தொடங்கும். உயர்தரத்தில் மிகச்சிறந்த பெறுபேறு பெற்ற பிள்ளைகள் சிலர் அவ்வாண்டிலே தடுமாறுவதற்கு அறிவுக்குறைவு காரணமன்று, விளங்காமல் விடை எழுதிப் பழகியமையே காரணம்.

என்ன கற்பிக்கப்படுகின்றது?

பட்டப்படிப்பின் தொடக்கத்தில் விண்மீன்களைவிடக் கணிதமே மிகுதி. நுண்கணிதம், தாயங்கள், வகையீட்டுச் சமன்பாடுகள், நிகழ்தகவு ஆகியன முதல் ஈராண்டுகளை நிறைக்கின்றன. அவற்றுடன் இயக்கவியல், மின்காந்தவியல், அலைகள், வெப்பவியக்கவியல், குவாண்டம் பொறிமுறை என்பன வருகின்றன. அதன் பின்னரே விண்மீன்களின் உள்ளமைப்பு, விண்மீன் மண்டலங்கள், அண்டவியல், பொதுச் சார்புக்கொள்கை முதலியவை விரிகின்றன. ஆய்வுகூடப் பயிற்சியும் கணனி நிரலாக்கமும் எல்லா ஆண்டுகளிலும் தொடர்கின்றன.

வானியலாளர் இரவெல்லாம் குளிரில் தொலைநோக்கியின் முன் அமர்ந்திருப்பார் என்று எண்ணி, பெண்பிள்ளைகளை இத்துறைக்கு அனுப்பத் தயங்கும் தாய்மார் உளர். இன்று அவதானிப்பின் பெரும்பகுதி தொலைவிலிருந்தே நிகழ்கின்றது. 2025 யூன் மாதம் முதற்படங்களை வெளியிட்ட, சிலி நாட்டிலுள்ள வேரா ரூபின் அவதான நிலையம் 8.4 மீற்றர் ஆடியையும் 3,200 மெகாபிக்சல் படக்கருவியையும் கொண்டது. ஓரிரவில் ஏறத்தாழ 20 டெராபைற் தரவுகளைத் திரட்டும் வகையில் அது அமைக்கப்பட்டுள்ளது. அத்தரவுகளைப் பிரித்தறிவோர் உலகெங்கும் தத்தம் மேசைகளில் அமர்ந்திருப்பர். அந்நிலையம் ஒரு பெண் வானியலாளரின் பெயரைத் தாங்கியுள்ளது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மாணவர் நிலையிலேயே பெருஞ்செயல் நிகழும் துறை இது. 1967 இல் கேம்பிரிட்ஜில் முதன்முதலாகத் துடிவிண்மீனின் சமிக்ஞையை இனங்கண்ட ஜோசலின் பெல் பேர்னல் அப்போது ஆய்வு மாணவி. 1995 இல் சூரியனை ஒத்த விண்மீனொன்றைச் சுற்றும் வேற்றுக்கோளை மிசெல் மேயருடன் சேர்ந்து கண்டறிந்த டிடியே கெலோ அப்போது செனீவாப் பல்கலைக்கழக ஆய்வு மாணவர். அவ்விருவரும் 2019 இல் நோபல் பரிசைப் பகிர்ந்து கொண்டனர்.

சோறு போடுமா?

இனி, தந்தையின் கேள்விக்கு வரவேண்டும். உண்மையை ஒளிக்காமல் சொல்வதாயின், வானியல் பேராசிரியர் பதவிகள் மிகச் சில. கலாநிதிப் பட்டம் பெற்றோர் பலர் இரண்டு, மூன்று ஆண்டு ஒப்பந்தங்களில் நாடுவிட்டு நாடு மாறிப் பணிபுரிகின்றனர். அவர்களுள் பெரும்பாலோர் இறுதியில் வேறு துறைகளுக்குச் செல்கின்றனர். இதனை அறியாமல் இத்துறைக்குள் வருவது பேதைமை.

ஆனால் வேறு துறைக்குச் செல்வது வீழ்ச்சியன்று. பௌதிகவியல் பட்டதாரி அளவிடவும், பிழையை மதிப்பிடவும், பெருந்தரவிலிருந்து உண்மையைப் பிரிக்கவும், நிரல் எழுதவும் பயின்றவர். தரவு ஆய்வு, மென்பொருள், காலநிலை ஆய்வு, சக்தித்துறை, காப்புறுதி, நிதித்துறை, கற்பித்தல் ஆகியவை அவரை வரவேற்கின்றன. உலகளாவிய வலையை 1989 இல் செனீவாவின் சேர்ன் ஆய்வகத்தில் முன்மொழிந்த ரிம் பேர்னேஸ்-லீ ஒக்ஸ்ஃபோர்டில் பௌதிகவியல் கற்றவர். இன்று வீடுதோறும் பயன்படும் வை-ஃபை இணைப்பின் முக்கிய நுட்பமொன்றை உருவாக்கிய அவுஸ்திரேலியக் குழுவின் தலைவர் ஜோன் ஓ'சலிவன் ஒரு வானொலி வானியலாளர்.

மருத்துவத்தை விட்டுவிட மனமில்லாத பெற்றோர் ஒன்றை அறிதல் நன்று. புற்றுநோய்க்குக் கதிர்ச்சிகிச்சை அளிக்கும் ஒவ்வொரு மருத்துவமனையிலும், நோயாளிக்குச் செல்லும் கதிர்வீச்சின் அளவைக் கணித்து உறுதி செய்பவர் மருத்துவப் பௌதிகவியலாளர். இங்கிலாந்தில் தேசிய சுகாதார சேவை இதற்கென மூன்றாண்டுப் பயிற்சியைச் சம்பளத்துடன் வழங்குகின்றது. கனடாவிலும் அமெரிக்காவிலும் பட்டமேற்படிப்பின் பின் மருத்துவமனைப் பயிற்சி பெற்று இத்தொழிலில் நுழையலாம். 2018 இல் நோபல் பரிசைப் பகிர்ந்த கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகப் பௌதிகவியலாளர் டொனா ஸ்டிரிக்லண்டின் லேசர் நுட்பம் இன்று கண் சத்திரசிகிச்சையிலும் பயன்படுகின்றது. மருத்துவமனைக்குச் செல்ல மருத்துவ பீடம் ஒன்றே வழியன்று.

செலவும் சலுகையும்

கலாநிதிப் படிப்புக்கும் பெற்றோரே பணம் கட்டவேண்டும் என்று பலர் நினைக்கின்றனர். பௌதிகவியலில் பெரும்பாலும் நிலைமை மறுதலையானது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் கலாநிதிப் பட்ட மாணவருக்குப் பொதுவாகக் கட்டணத்தை நீக்கி, வாழ்க்கைச் செலவுக்கு உதவித்தொகையும் அளிக்கின்றன. பிரித்தானியாவில் அரச ஆய்வு நிதியம் வழங்கும் ஆகக்குறைந்த உதவித்தொகை 2025-26 கல்வியாண்டில் ஆண்டுக்கு 20,780 பவுண். நோர்வேயிலும் சுவிற்சர்லாந்திலும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் சம்பளம் பெறும் பணியாளராகவே கொள்ளப்படுகின்றனர்.

அகதி நிலையில் உள்ளோருக்கு இன்னொரு செய்தி உண்டு. மேலே குறிப்பிட்ட ஜோசலின் பெல் பேர்னல், 1974 இல் தம் கண்டுபிடிப்புக்கான நோபல் பரிசு தம் மேற்பார்வையாளருக்கு வழங்கப்பட்டதைக் கண்டவர். 2018 இல் அவருக்கு வேறொரு பரிசாக 30 இலட்சம் டொலர் கிடைத்தபோது, அதனை முழுவதுமாகப் பிரித்தானிய, அயர்லாந்துப் பௌதிகவியல் ஆய்வு மாணவருக்கென அளித்துவிட்டார். பெண்கள், சிறுபான்மை இனத்தவர், அகதிகள் முதலாகப் போதிய இடம்பெறாத பிரிவினருக்கே அப்புலமைப்பரிசில் வழங்கப்படுகின்றது. அகதிப் பிள்ளையை எண்ணியே வைக்கப்பட்ட அந்நிதிக்கு விண்ணப்பிக்காமல் விடுவது வீண் தயக்கம்.

எச்சரிக்கையும் தேவை. வதிவிட அனுமதியின் வகையைப் பொறுத்துக் கட்டணம் பன்மடங்கு வேறுபடலாம். விண்ணப்பிக்கும் முன்னரே அதனைப் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் கேட்டறிய வேண்டும். அமெரிக்காவின் நாசா போன்ற விண்வெளி நிறுவனங்களிலும் பாதுகாப்புத்துறை சார்ந்த நிறுவனங்களிலும் பல பதவிகள் குடியுரிமை பெற்றோருக்கே உரியவை. அந்நிபந்தனைகளைப் பட்டம் பெற்ற பின் அறிந்து வருந்துவதிலும் முன்னரே அறிந்து திட்டமிடுவதே அறிவுடைமை.

இளையோருக்கு

விண்வெளிப் படங்களின் அழகில் மயங்கி இத்துறையைத் தெரிவு செய்ய வேண்டாம். அவ்வழகு முதல் மாதத்துக்கு மட்டுமே துணை வரும். ஒரு கணக்கில் மூன்று மணிநேரம் செலவிட்டும் விடை கிடைக்காதபோது மறுநாளும் அதனைக் கையில் எடுக்கும் மனம் உண்டா என்று உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். உண்டெனில் இத்துறை உங்களுக்குரியது.

பள்ளியில் கணிதத்தையும் பௌதிகவியலையும் கைவிடாதீர்கள். மேனிலைக் கணிதம் கற்க வாய்ப்பிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். பைதன் போன்ற ஒரு நிரல்மொழியைப் பழகுங்கள். விலையுயர்ந்த தொலைநோக்கி தேவையில்லை. பெரும் அவதான நிலையங்களின் தரவுகள் பல இலவசமாகவே கிடைக்கின்றன. 2007 இல் பொதுமக்களுக்காகத் தொடங்கப்பட்ட விண்மீன் மண்டலங்களை வகைப்படுத்தும் திட்டத்தில், நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை ஒருவர் அதுவரை எவரும் கண்டிராத வாயுமுகிலொன்றை இனங்கண்டார். பட்டம் தெரிவு செய்யும்போது வானியலை மட்டும் தனியே கொள்ளாது பௌதிகவியலுடன் இணைத்துக் கொள்ளுங்கள். பல கதவுகள் திறந்திருக்கும். கோடை விடுமுறைகளில் ஆய்வுகூடப் பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். சேர்ன் ஆய்வகமும் பல பல்கலைக்கழகங்களும் மாணவரை ஊதியத்துடன் ஏற்கின்றன.

யாவற்றிற்கும் மேலாக, வீட்டில் ஒளித்துப் படிக்காதீர்கள். பெற்றோருக்குக் கருந்துளையை விளக்க முயலுங்கள். தமிழில் விளக்க முயலுங்கள். ஒரு கருத்தைத் தாய்மொழியில் தாய்க்குச் சொல்ல இயலுமாயின், அது உண்மையாகவே விளங்கிவிட்டது என்று பொருள்.

பெற்றோருக்கு

பிள்ளை இத்துறையை நாடும்போது, "வேண்டாம்" என்ற சொல்லுக்கு முன் சில கேள்விகளைக் கேளுங்கள். எந்தப் பல்கலைக்கழகம்? அங்கு பட்டம் பெற்றோர் எங்கே பணிபுரிகின்றனர்? பேராசிரியர் ஆக இயலாவிடில் இரண்டாவது வழி யாது? அவ்வழிக்கு வேண்டிய திறமையை எந்த ஆண்டில் கற்பாய்? இக்கேள்விகளுக்கு விடை தேடிவரும் பிள்ளை பொறுப்புள்ள பிள்ளை. விடை இல்லாத பிள்ளைக்கு அக்கேள்விகளே வழிகாட்டி.

ஊராரின் பிள்ளைகளோடு ஒப்பிட வேண்டாம். விருப்பமின்றி மருத்துவ பீடத்தில் நுழைந்து இடைநடுவில் விலகும் பிள்ளையால் வீணாகும் ஆண்டுகளை எவரும் கணக்கிடுவதில்லை. விருப்பத்துடன் கற்கும் பிள்ளை, கடினமான துறையிலும் தனக்கொரு வழியை அமைத்துக் கொள்ளும்.

இச்சமூகத்திற்கு மருத்துவர்களும் பொறியியலாளர்களும் தொடர்ந்து தேவை. அவர்களோடு, ஆதாரத்தைக் கொண்டு மட்டுமே ஒன்றை ஏற்கவும் மறுக்கவும் பயின்றவர்களும் தேவை. பெரியவர் சொன்னார் என்பதற்காகப் பிழையை உண்மையென்று கொள்ளாத, வசவும் இல்லாத, தன் கணக்கைத் திரும்பச் சரிபார்த்து நிமிர்ந்து நிற்கும் பண்பு, நீதி கேட்டு நிற்கும் எந்த மக்களுக்கும் இன்றியமையாதது. பௌதிகவியல் அப்பண்பைப் பயிற்றுவிக்கின்றது.

21 புள்ளிகள் கூடுதலாகக் கேட்ட வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் தமிழ்ப் பெற்றோர். அவர்தம் பிள்ளைகளின் முன் இன்று அத்தகைய வாசல் இல்லை. அவ்விடத்தில் இன்னொரு வாசலை வீட்டினுள்ளே கட்டிவிட வேண்டாம் என்பதே இவ்வுரையின் தாழ்மையான வேண்டுகோள்.